துடுப்புப் படகால் யாருக்கும் தொல்லை இல்லை என்பது சரிதானா?

கேள்வி · 4 பிப்ரவரி 2024

நான் கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகை ஓட்டுபவன். என் படகில் இயந்திரம் இல்லை, எண்ணெய் இல்லை, புகை இல்லை, சத்தமும் இல்லை. பறவைகள் கூடு கட்டும் காலத்தில் ஏரியின் ஓரப்பகுதிக்குள் எந்தப் படகும் நுழையக் கூடாது என்று அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்கள். விசைப்படகுகளுக்கும் ஜெட் ஸ்கீ என்ற நீர் ஸ்கூட்டர்களுக்கும் அந்தத் தடை பொருந்தும். துடுப்புப் போடுகிறவர்களையும் அவர்களோடு சேர்த்தது அநியாயம் என்பது என் வாதம். துடுப்புப் படகால் எந்த உயிருக்காவது தீங்கு நேர்ந்ததை உங்களில் யாராவது கண்ணால் கண்டிருக்கிறீர்களா?

குறிப்பு 1 · 4 பிப்ரவரி, இரவு

கண்டிருக்கிறேன். அந்தத் தீங்கைச் செய்தவனும் நானே.

ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் நானும் இதே வாதத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் விடியற்காலையில், கோரைப் புதர்களுக்கு இடையே ஓடும் குறுகிய நீர்த்தடத்தில், துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, வந்த வேகத்திலேயே படகை மிதக்க விட்டிருந்தேன். வளைவு திரும்பியதும் மூன்று கை தூரத்தில் ஒரு முக்குளிப்பான் கூட்டில் அமர்ந்திருந்தது. முக்குளிப்பானின் கூடு தரையில் இருப்பதில்லை. அழுகிய பாசியையும் கோரைத் தண்டுகளையும் குவித்து நீரில் மிதக்கும்படி அமைத்து, அருகில் நிற்கும் தண்டுகளோடு பிணைத்திருக்கும். இரை தேடப் புறப்படும்போது அந்தப் பறவை சும்மா எழுந்து போவதில்லை. ஈரப் பாசியை அலகால் இழுத்து முட்டைகளின் மேல் போர்த்திவிட்டுத்தான் நீரில் இறங்கும். போர்த்திய கூடு பார்ப்பவர் கண்ணுக்கு ஒதுங்கிக் கிடக்கும் குப்பையாகவே தெரியும். அன்று அதற்கு அந்த அவகாசத்தை நான் தரவில்லை. சிறு சலனமும் இல்லாமல் அது நீருக்குள் மறைந்தது. வெண்மை மங்கிய நான்கு முட்டைகள் திறந்தபடி கிடந்தன. நான் பதறிப் பின்வாங்கி, நாற்பது ஐம்பது மீட்டர் விலகி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். காகம் வந்து சேர ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். விசைப்படகு அந்த யானையைப் போன்றது. கரையில் உள்ள அனைத்தும் அதன் வரவை முன்னரே அறிந்து, தத்தம் வழியில் ஆயத்தமாகிவிடுகின்றன. கயாக்குக்கு மணி கிடையாது. ஓசையில்லாமல், நீர்மட்டத்தோடு ஒட்டி, நேராகத் தன்னை நோக்கி நகர்ந்து வரும் நீண்ட உருவம் வேட்டைக்கு வரும் விலங்கு என்றுதான் பறவை கணக்குப் போடும்.

குறிப்பு 2 · 5 பிப்ரவரி

“அப்படியானால் விசைப்படகே மேல் என்கிறீர்களா?” என்று ஒருவர் கேட்கிறார். அப்படிச் சொல்லவில்லை. விசைப்படகு ஆழமான நடுப்பகுதியில் ஒரே தடத்தில் போய் வருவது. முழங்கால் ஆழத்துக்குள் நுழைந்தால் அதன் புரொப்பெல்லர் தரை தட்டும் என்ற அச்சமே அதைத் தள்ளி நிறுத்திவிடுகிறது. கயாக்குக்கு ஒரு சாண் நீர் போதும். விசைப்படகுகள் நுழைய முடியாத காரணத்தினாலேயே உயிரினங்கள் ஒதுங்கியிருக்கும் மூலைமுடுக்குகளைத் தேடித்தேடி நுழைகிறவர்கள் நாம்தான். அந்த ஓரங்களுக்காகத்தான் கயாக் வாங்கினோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நேற்றைய குறிப்பில் ஒரு திருத்தம். மூன்று கை தூரம் என்று எழுதியது மிகை. படகின் நீளத்தை வைத்துக் கணக்கிட்டால் கூட்டுக்கும் எனக்கும் இடையே ஐந்து மீட்டராவது இருந்திருக்கும். குற்றவுணர்வு தூரத்தைச் சுருக்கிவிட்டது.

குறிப்பு 3 · 7 பிப்ரவரி

கேள்வி கேட்டவரே இப்போது இன்னொன்றைக் கேட்டிருக்கிறார்: கூட்டை விட்டுத்தள்ளுவோம், மணல்திட்டில் சும்மா நிற்கும் பறவைகள் நம்மைக் கண்டு பறந்தால் என்ன கெட்டுவிடும், சற்று நேரத்தில் திரும்பி வந்து அமர்ந்துவிடுமே என்கிறார்.

சும்மா நிற்பது போலத் தெரிவதுதான் சிக்கல். 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து புறப்பட்ட பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை ஒன்று, பிறந்து ஐந்தே மாதமான இளம்பறவை, வழியில் எங்கும் இறங்காமல் 11 நாட்கள் பறந்து 13,560 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் இறங்கியது. அதன் முதுகில் பொருத்தியிருந்த சிறு கருவி அந்தப் பாதை முழுவதையும் பதிவு செய்திருக்கிறது. இத்தகைய பயணத்துக்கு வேண்டிய எரிபொருள் முழுவதும் உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பு. ஓதம் வடிந்து கடல்நீர் விலகியிருக்கும் சில மணி நேரம் சேற்றுப் பரப்பில் இரை தேடி, ஓதம் ஏறும்போது மிஞ்சியிருக்கும் மணல்திட்டில் நெருக்கியடித்துக்கொண்டு ஓய்வெடுத்தே அது அந்தக் கொழுப்பைச் சேர்க்கிறது. ஓதம் ஏறும் அதே நேரத்தில்தான் கயாக்குக்குப் போதிய நீர் கிடைக்கிறது. கால் நீட்டி உட்கார ஓர் இடம் தேடுகிற நமக்கும் அதே மணல்திட்டுதான் கண்ணில் படுகிறது. ஒரு படகு கிளப்பிவிட்டால் ஒரு முறை பறக்கும். ஒரு நாளில் பத்துப் படகுகள் வந்தால் பத்து முறை பறக்கும். பத்துப் பேரும் “நான் ஒரு தடவைதான் போனேன்” என்று உண்மையாகவே சொல்வார்கள்.

பறந்துவிடும் என்பதும் எப்போதும் உண்மையில்லை. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் பெரும்பாலான வாத்தினங்கள் சிறகுகளின் பறக்கும் இறகுகளை ஒரே சமயத்தில் உதிர்த்துவிடுகின்றன. புதிய இறகு வளரும் வரை மூன்று நான்கு வாரங்கள் அவற்றால் பறக்கவே முடியாது. நம்மைக் கண்டு பறக்காமல் நீர்மேல் படபடத்து ஓடும் வாத்தைப் பார்த்து, “மனிதர்களோடு நன்றாகப் பழகிவிட்டது” என்று நான் ஒரு முறை உடன் வந்தவர்களிடம் விளக்கியிருக்கிறேன். அவர்களும் நம்பினார்கள்.

குறிப்பு 4 · 8 பிப்ரவரி, காலை

எவ்வளவு தூரம் விலகியிருக்க வேண்டும் என்று எண்ணாகச் சொல்லுங்கள் என்று பலர் கேட்கிறீர்கள். கடல் பாலூட்டிகளுக்கு எண் உண்டு. ஆஸ்திரேலியாவின் தேசிய வழிகாட்டுதல் திமிங்கிலத்திடமிருந்து 100 மீட்டர், டால்பினிடமிருந்து 50 மீட்டர் என்கிறது. அந்த எல்லைக்கு வெளியேயும் படகின் வேகத்தைக் குறைக்க வேண்டிய ஒரு வட்டம் இருக்கிறது. வட அட்லாண்டிக்கின் ரைட் திமிங்கிலத்துக்கு அமெரிக்கச் சட்டம் 500 கஜம் என வகுத்திருக்கிறது, ஏறக்குறைய 457 மீட்டர். பறவைகளுக்கு அப்படி ஒரே எண் பொருந்தாது. நாள்தோறும் படகு போகும் தடத்தின் ஓரத்தில் இருக்கும் நீர்க்காகம் இருபது மீட்டரில்கூட அசையாது. ஆள் அரவமற்ற தீவில் கூட்டமாக அடைகாக்கும் ஆலாக்கள் இருநூறு மீட்டரிலேயே கூச்சலிடும்.

ஆகையால் எண்ணைவிட அதன் உடலைப் படிப்பதே நல்லது. மேய்வதை நிறுத்தும், கழுத்தை நீட்டும், ஒரே திசையில் திரும்பி நிற்கும், தலையை மேலும் கீழும் ஆட்டும். முக்குளிப்பானாக இருந்தால் உடலைத் தாழ்த்தி நீரோடு நீராக அமிழும். பாறையில் படுத்திருக்கும் சீல்கள் ஒவ்வொன்றாகத் தலை தூக்கும். பறப்பதும் நீரில் பாய்வதும் கடைசியில் நடப்பவை. தலை தூக்கியதைக் கண்ட மாத்திரத்தில் நாம் பின்வாங்கியிருக்க வேண்டும்.

கையடக்கமான வழி ஒன்றும் இருக்கிறது. கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். விரல் அந்த விலங்கை முழுதாக மறைத்தால் தூரம் போதும், மறைக்காவிட்டால் நெருங்கிவிட்டீர்கள்.

குறிப்பு 5 · 8 பிப்ரவரி, இரவு

கட்டைவிரல் பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன், பாதியளவில்.

மாலையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விரலின் அகலம் இரண்டு சென்டிமீட்டர், நீட்டிய கையின் தூரம் அறுபது சென்டிமீட்டர் என்று கொண்டால், விலங்கின் நீளத்தைப் போல முப்பது மடங்கு தூரத்தில் அது விரலுக்குள் மறையும். பதினான்கு மீட்டர் நீளமுள்ள கூனல் திமிங்கிலத்துக்கு 420 மீட்டர் வருகிறது; தாராளமான தூரம். இரண்டு மீட்டர் நீளமுள்ள சீலுக்கு 60 மீட்டர், போதும் போதாது. கால் மீட்டரே இருக்கும் முக்குளிப்பானுக்கு ஏழரை மீட்டர்! அன்று நான் நின்ற இடத்திலிருந்து இன்னும் இரண்டரை மீட்டர் பின்னால் இருந்திருந்தால், என் கட்டைவிரல் எனக்கு நற்சான்றிதழே கொடுத்திருக்கும். பெரிய விலங்குக்கு விரல், சிறிய பறவைக்குத் தொலைநோக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குறிப்பு 6 · 11 பிப்ரவரி

விசைப்படகுக்காரர் ஒருவர், இந்த இழை முழுவதும் கயாக்கையே சாடிக்கொண்டிருப்பது தமக்கு மிகவும் பிடித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார். அவருக்காக இந்தக் குறிப்பு.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பரின் விசைப்படகை ஓட்டிக்கொண்டிருந்தேன். நாணல் அடர்ந்த கரையை நெருங்கியபோது, அங்கே கூடுகள் இருக்கக்கூடும் என்ற அக்கறையில் வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். குறைத்த மறுகணம் படகின் பின்பகுதி அமிழ்ந்து மூக்கு வானத்தைப் பார்த்தது. அதுவரை வந்ததைப் போல இரு மடங்கு உயரமான அலை ஒன்று எங்களுக்குப் பின்னால் எழும்பி, நேராக நாணலுக்குள் புகுந்தது. மரியாதை காட்டுவதாக நினைத்துக்கொண்டு வெள்ளத்தை அனுப்பிவைத்திருந்தேன்.

காரணம் இதுதான். மெதுவாகப் போகும் படகு நீரைக் கிழித்துக்கொண்டு போகிறது. முழு வேகம் பிடித்த படகு நீரின் மேல் வழுக்கிச் செல்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, தான் எழுப்பிய அலையின் மேலேயே ஏற முடியாமல் தத்தளிக்கும் ஒரு நிலை இருக்கிறது. மிகப் பெரிய அலை எழுவது அந்த நிலையில்தான். ஆகவே வேகத்தைக் குறைப்பதானால் கரைக்கு வெகு முன்னதாகவே, படகு மட்டமாக நீரில் அமர்ந்து நடைவேகத்தில் நகரும் வரை குறைக்க வேண்டும். அரைகுறையாகக் குறைப்பது குறைக்காமல் போவதைவிடக் கெடுதல்.

அலையின் உயரம் இரண்டு மடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும். உள்நீர்த்தொட்டிகளில் நீர் நிரப்பிப் படகைக் கனமாக்கி வேண்டுமென்றே பெரிய அலை எழுப்பி, அதில் சறுக்கும் விளையாட்டுக்கு ஆழமும் அகலமும் நிறைந்த நடுநீரைத் தவிர வேறு இடம் கிடையாது என்று நான் உறுதியாக நினைப்பது இதனால்தான். மிதக்கும் கூடு கட்டுபவை முக்குளிப்பான்கள் என்றால், நீரின் விளிம்பிலேயே கூடு அமைப்பவை வட அமெரிக்க ஏரிகளில் வாழும் லூன் பறவைகள். அவற்றின் கால்கள் உடலின் கடைக்கோடியில் அமைந்திருப்பதால் தரையில் நடக்கவே திணறும். கரையேறி உயரமான இடத்தில் கூடு கட்டுவது அவற்றுக்கு இயலாத காரியம். ஒரு நல்ல அலை போதும், முட்டை உருண்டு நீருக்குள் போய்விடும்.

புளோரிடாவின் மானட்டீகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடற்புல்லை மேய்ந்தபடி ஆழமற்ற நீரில் மெல்ல நகர்ந்து, சில நிமிடங்களுக்கு ஒரு முறை மூச்சு விட மேலே வரும் பெருவிலங்கு அது. படகுகள் மோதி ஏற்பட்ட தழும்புகள் அவற்றில் அவ்வளவு பரவலாக இருப்பதால், ஆய்வாளர்கள் தழும்பின் வடிவத்தை வைத்தே ஒவ்வொரு மானட்டீயையும் தனித்தனியாக அடையாளம் காண்கிறார்கள். புரொப்பெல்லருக்குக் கூண்டு போட்டுவிட்டால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். வேகமாக வரும் படகின் அடிப்பாகம் மோதினாலே விலா எலும்பு முறியும். அதனால்தான் அங்கே மெதுவேகப் பகுதிகளை வகுத்திருக்கிறார்கள்.

ஜெட் ஸ்கீக்குப் புரொப்பெல்லர் வெளியே இல்லை என்பது உண்மை. ஆனால் அதை ஓட்டுகிறவர்கள் ஓரிடத்தைக் கடந்து போவதில்லை. ஒரே இடத்தை மணிக்கணக்கில் சுற்றுகிறார்கள். இடுப்பளவுக்குக் குறைந்த நீரில் சுற்றினால் அடிச்சேறு கலங்கி மேலே வரும், நீர்ச்செடிகளுக்கு வெளிச்சம் கிடைக்காமல் போகும், இயந்திரமும் மணலை உறிஞ்சிக்கொள்ளும். கடைசியாகச் சொன்னதைக் காட்டினால் அவர்கள் உடனே கேட்கிறார்கள்.

குறிப்பு 7 · 12 பிப்ரவரி

கயாக்கில் மணி கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டவருக்கு: வளைவுகளுக்கு முன்னால் நான் சற்று உரக்கப் பேசிக்கொண்டு போவதுண்டு. பாடியும் பார்த்தேன், பறவைகளுக்கு எச்சரிக்கை கிடைத்தது, உடன் வந்தவருக்குத் தலைவலி கிடைத்தது. ஆனால் நம் குரல் நுழைவுச்சீட்டு ஆகாது. கூடு கட்டும் காலத்தில் கோரைக்குள் நுழையாமல் இருப்பதற்கு அது மாற்றாகாது.

குறிப்பு 8 · 16 பிப்ரவரி

நங்கூரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விழுவதாலோ என்னவோ.

பாய்மரப் படகு பழகிய புதிதில், ஒரு விரிகுடாவில் நங்கூரத்தைத் தூக்கியபோது அதனோடு ஒரு பாய் அளவுக்குக் கடற்புல், வேரும் வேர்க்கிழங்கும் மணலுமாக, பிய்ந்து வந்தது. வேரிடுக்கில் ஒரு சிறு நண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அனுபவசாலியான ஒருவர் அதை உதறி நீருக்குள் தள்ளிவிட்டு, “மறுபடி முளைத்துவிடும்” என்றார். எல்லாக் கடற்புல்லும் அப்படி முளைப்பதில்லை. மத்தியதரைக் கடலில் மட்டுமே வளரும் பொசிடோனியாவின் வேர்க்கிழங்கு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் நகரும். ஸ்பெயினின் பலேரிக் தீவுகளில் ஒன்றான ஃபார்மென்டேராவுக்கு அருகில் ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் பரந்திருக்கும் ஒரே செடி 2006-ல் கண்டறியப்பட்டது. இபிசாவை ஒட்டிய இந்தப் புல்வெளிகள் 1999-லேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டவை. உல்லாசப் படகுகள் அதன் மேலேயே நங்கூரம் போட்டுக்கொண்டிருந்ததால், பலேரிக் தீவுகளின் அரசு 2018-ல் பொசிடோனியாவைக் காப்பதற்கென்றே ஓர் ஆணை பிறப்பித்தது.

நீர் தெளிவாக இருந்தால் நங்கூரம் போடுவதற்கு முன் கீழே பார்க்க வேண்டும்; வெளிறித் தெரிவது மணல், கருத்துத் தெரிவது பெரும்பாலும் புல் அல்லது பாறை. மணலில் நங்கூரம் நன்றாகப் பிடிக்கவும் செய்யும், இரவு நிம்மதியாகத் தூங்கலாம். மிதவை கட்டிய நிலையான கட்டுமிடம் இருந்தால் அதற்கு மிஞ்சியது இல்லை. பவளப்பாறைகளில் நங்கூரம் விழாமல் இருக்க, பாறையைத் துளைத்து இரும்பு வளையத்தைப் பதித்து, அதில் மிதவையைக் கட்டும் முறையை ஜான் ஹாலஸ் என்ற கடலுயிரியலாளர் புளோரிடாவின் கீ லார்கோவில் 1981-ல் தொடங்கிவைத்தார். இன்று பல நாடுகளில் பயன்படுவது அதன் வழிவந்த முறைதான்.

குறிப்பு 9 · 17 பிப்ரவரி

ஒரு வாசகர் திருத்தியிருப்பது சரி: நங்கூரம் கொத்துவது ஒரே இடத்தில், அதன் சங்கிலி சீவுவது ஒரு முழு வட்டம். காற்றுத் திசை மாறும்போதெல்லாம் படகு நங்கூரத்தைச் சுற்றி வருகிறது. தரையில் கிடக்கும் சங்கிலியும் அரிவாளைப் போலச் சுற்றி வருகிறது. மணலில் நங்கூரம் போட்டுவிட்டோம் என்று நிம்மதியடையும் முன், சங்கிலியின் வட்டமும் மணலுக்குள் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இதை நான் நேற்றே எழுதியிருக்க வேண்டும்.

குறிப்பு 10 · 23 பிப்ரவரி

மறுபடியும் கயாக்கிடம் வருகிறேன், ஏனெனில் இந்த விஷயத்தில் நமது குற்றம் விசைப்படகின் குற்றத்தைவிடக் கனமானது.

பெரிய படகு பெரும்பாலும் ஒரே நீரில் கிடக்கிறது. நம் படகு வண்டிக் கூரையில் ஏறி இந்த வாரம் ஓர் ஏரி, அடுத்த வாரம் ஓர் ஆறு என்று அலைகிறது. அதோடு யார் யார் பயணம் செய்கிறார்கள் என்று நாம் பார்ப்பதில்லை. கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதியைச் சேர்ந்த வரிச்சிப்பி, கப்பல்கள் எடைக்காக நிரப்பிக்கொண்டு வந்த நீரில் ஏறி வந்து 1988-ல் வட அமெரிக்கப் பேரேரிகளில் கண்டறியப்பட்டது. அதன் உறவினமான குவாகா சிப்பி 2007 ஜனவரியில் ராக்கி மலைகளுக்கு அப்பால் அமெரிக்காவின் மீட் ஏரியில் தென்பட்டது. இரண்டு நீர்நிலைகளுக்கும் நீர்வழித் தொடர்பே கிடையாது. வண்டியில் ஏற்றிச் சென்ற ஏதோ ஒரு படகில்தான் அது மலையைத் தாண்டியிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். அதன் இளம்புழுக்கள் கண்ணுக்குத் தெரியாதவை. படகின் அடியில் தேங்கும் ஒரு குவளை நீர் அவற்றுக்குப் போதும். ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து உலகம் முழுவதும் பரவியதில் அதன் பூவின் அழகுக்குப் பங்கு உண்டு. ஓர் ஏரியிலிருந்து பக்கத்து ஏரிக்குப் பரவுவதற்குத் துடுப்பில் சுற்றிக்கொண்ட ஒரு துண்டுத் தண்டே போதும்.

நானும் படகைத் துடைத்துவிட்டேன் என்று நம்பியிருந்தவன்தான். ஒரு முறை வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து இருக்கைக்கு அடியில் உள்ள நுரைத்திண்டைக் கழற்றினேன். அது இன்னும் ஈரமாக இருந்தது. அதன் கீழே பச்சை மாறாத பாசி இழையும், அரிசி அளவில் ஒரு நத்தையும் இருந்தன. தொட்டதும் நத்தை ஓட்டுக்குள் சுருங்கியது. அதற்கு முந்தைய நாள்தான் அந்தப் படகை வேறோர் ஏரியில் இறக்குவதாக இருந்தேன், மழை தடுத்துவிட்டது.

இப்போது நான் செய்வது: கரையேறியதும் அங்கேயே படகைக் கவிழ்த்து நீர் முழுவதையும் வடிப்பேன். வடிகால் அடைப்பானைத் திறந்தே வைத்திருப்பேன். கால் வைக்கும் தண்டவாளம், இருக்கையின் அடிப்பகுதி, துடுப்பின் இணைப்புக் குழாய், கயிற்றின் முடிச்சு, உயிர்காப்பு மேலாடையின் பைகள் எல்லாவற்றையும் கையால் தடவிப் பார்ப்பேன். கண் தவறவிட்டதை விரல் கண்டுபிடிக்கும். வீட்டில் அறுபது டிகிரி வெந்நீர் கிடைத்தால் அதில் கழுவுவேன். சிப்பியின் இளம்புழு அந்தச் சூட்டைத் தாங்காது. பிறகு வெயிலில் எல்லாம் சொரசொரவென்று உலரும் வரை வைத்திருப்பேன். ஒரே வாரத்தில் இரண்டு நீர்நிலைகளுக்குப் போக வேண்டுமென்றால் துடுப்பு, மேலாடை, காலணி ஆகியவற்றை இரண்டு தொகுதிகளாக வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. ஒரே ஏரிக்குப் போக ஆரம்பித்துவிட்டேன்.

குறிப்பு 11 · 25 பிப்ரவரி

எரிபொருள் சிந்தினால் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தை ஊற்றுங்கள் என்று மேலே ஒருவர் அறிவுரை சொல்லியிருக்கிறார். தயவுசெய்து ஊற்றாதீர்கள். வானவில் நிறப் படலம் மறைந்துவிடும் என்பது உண்மை. ஆனால் எண்ணெய் எங்கும் போய்விடவில்லை, துளித்துளியாக உடைந்து நீருக்குள் இறங்கி மீன் குஞ்சுகளின் செவுளுக்கு எட்டும் இடத்துக்குப் போயிருக்கிறது. போதாததற்குச் சோப்பும் சேர்ந்துகொண்டது. எண்ணெயை மட்டும் உறிஞ்சும் துணித்திண்டுகள் கிடைக்கின்றன. எரிபொருள் நிரப்பும்போது தொட்டியின் வாயைச் சுற்றி ஒன்றும், படகின் அடித்தளத்தில் ஒன்றும் வைத்தால் போதும். தொட்டியை விளிம்பு வரை நிரப்புவதை நிறுத்தினால் திண்டுக்கே வேலை குறையும், ஏனெனில் வெயிலில் எரிபொருள் விரிவடைந்து காற்றுத்துளை வழியாக வழியும். நானும் ஒரு காலத்தில் சோப்பு ஊற்றியவன் என்பதால்தான் இவ்வளவு கறாராக எழுதுகிறேன்.

வெயிலுக்குப் பூசும் சன்ஸ்கிரீன் கடலுக்குக் கெடுதலா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: பவளத்துக்குத் தீங்கானவை என்று கருதி, ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த சன்ஸ்கிரீன்களின் விற்பனையை ஹவாய் 2021 முதல் கட்டுப்படுத்தியது, பசிபிக் தீவு நாடான பலாவ் 2020-லேயே தடை விதித்தது. எந்தப் புட்டியில் என்ன வேதிப்பொருள் என்று படித்துக்கொண்டிருப்பதைவிட முழுக்கைச் சட்டையும் அகலத் தொப்பியும் அணிவது எனக்கு எளிதாக இருக்கிறது. கழுவிப் போகாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூசவும் வேண்டியதில்லை.

குறிப்பு 12 · 3 மார்ச்

“டால்பின்கள் தாமாகவே நம் படகைத் தேடி வருகின்றனவே, அப்போது என்ன செய்வது?” நல்ல கேள்வி. விரையும் படகின் மூக்கு எழுப்பும் அலையில் சவாரி செய்ய அவை தாமே வருவது உண்டு. அப்போது திசையையும் வேகத்தையும் மாற்றாமல் போய்க்கொண்டே இருப்பதுதான் முறை. விளையாட்டு அவற்றுடையது, எப்போது விலகுவது என்பதும் அவற்றின் விருப்பம்.

ஆனால் விரிகுடாவில் மெல்ல மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும் கூட்டம் விளையாடிக்கொண்டிருக்கிறது என்று நாமாக முடிவு செய்துவிடுகிறோம். ஹவாயின் சுழல் டால்பின்கள் இரவெல்லாம் ஆழ்கடலில் இரை தேடிவிட்டுப் பகலில் கரையோர விரிகுடாக்களுக்கு வருவது ஓய்வெடுக்கத்தான். டால்பின் உறங்கும்போது மூளையின் ஒரு பாதிதான் உறங்கும். மறு பாதி விழித்திருந்து நீந்தவும் மூச்சு விடவும் வைக்கிறது. அதனால் உறங்கும் டால்பின் நீந்துவது போலவே தெரியும். நீந்துகிறவர்களும் கயாக்காரர்களும் நாள் முழுவதும் சூழ்ந்துகொண்டதால், 2021-ல் அங்கே 50 கஜத்துக்குள், ஏறக்குறைய 45 மீட்டருக்குள், நெருங்கக் கூடாது என்று விதி வந்தது. விதி படகுகளுக்கு மட்டுமன்று, நீந்துகிறவர்களுக்கும் துடுப்புப் பலகையில் நிற்பவர்களுக்கும் பொருந்தும். இழையைத் தொடங்கிவைத்தவர் இதைக் கவனிப்பாராக.

நியூசிலாந்தின் 1992 விதிமுறைகளில் எனக்குப் பிடித்த ஒன்று, கடல் பாலூட்டிகளுக்கு 300 மீட்டருக்குள் ஒரே நேரத்தில் மூன்று படகுகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது. நான்காவதாக வந்தவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் காத்திருக்க வேண்டும். குறிப்பு 3-ல் சொன்ன பத்துப் படகுகளின் கணக்குக்கு இதைவிடச் சுருக்கமான விடை எனக்குத் தெரியவில்லை.

குறிப்பு 13 · 10 மார்ச்

கேள்வி கேட்டவர் நேற்று எழுதியிருக்கிறார்: பலகை வைத்த ஓரத்துக்குள் இந்தப் பருவம் போகப்போவதில்லையாம், ஆனால் பலகையில் “ஏன்” என்று ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும் என்கிறார். அதை ஒப்புக்கொள்கிறேன். காரணம் தெரியாத தடை எல்லாருக்கும் எரிச்சல்தான்.

இன்று காலை நானும் என் ஏரிக்குப் போயிருந்தேன். கோரைக்கு வெளியே எழுபது மீட்டர் தள்ளி, காற்று என்னைப் புதர்ப்பக்கம் தள்ளாத இடமாகப் பார்த்துத் துடுப்பை நீரில் ஊன்றிக்கொண்டு தொலைநோக்கியை எடுத்தேன். புதரின் விளிம்பில் ஒரு முக்குளிப்பான் கூட்டில் இருந்தது. இருபது நிமிடம் வரை அது என் பக்கம் திரும்பவேயில்லை. பிறகு எழுந்து நின்றது. கூட்டின் விளிம்பிலிருந்து பாசியை இழுத்து இடப்பக்கம் போட்டது, வலப்பக்கம் போட்டது, ஒரு தண்டைக் குறுக்கே வைத்துப் பார்த்துப் பிடிக்காமல் எடுத்து மறுபடி வைத்தது. முட்டை ஒன்றும் தெரியாமல் மூடுவதற்கு அரை நிமிடத்துக்கும் மேலாகவே ஆயிற்று. அதன் பிறகுதான் நீரில் இறங்கிற்று.